ஒற்றை ஆளாக, ஆறு எந்திரங்களுடன்

'மனித இனத்தை விலங்குகளிடமிருந்து பிரித்தது நெருப்பு அல்ல, மொழி அல்ல, கடவுள் பயம்கூட அல்ல. நெம்புகோல்!'

பத்மநாபக் கைமள் மாஸ்டர் எழுதிய 'அன்றாட வாழ்வில் எளிய எந்திரங்கள்' நூலின் முதல் பாகம் இப்படித்தான் தொடங்குகிறது. இரண்டாம் பாகமும் இப்படித்தான் தொடங்குகிறது. நல்ல வாக்கியத்தை ஒரே ஒரு முறை பயன்படுத்துவது வீண்செலவு என்பது அவர் கட்சி.

அந்த வாக்கியம் இப்போது நூற்றுக்கணக்கான பிரதிகளில் அச்சாகி, ஒரு மரப்பெட்டிக்குள் ஆணியடிக்கப்பட்டு, பூங்கோட்டுக்காவு வாசகசாலை வாசலில் நின்ற லாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. காலை பத்து மணி. மாலை நாலுக்கு இரண்டாம் பாகத்தின் வெளியீட்டு விழா. பெட்டி இறங்குவதாக இல்லை.

"சாரே, இந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தான் டிரைவர் ஷாஜு.

"தெரியும். கனம். கனம் இருப்பதால்தான் விஞ்ஞானம் இருக்கிறது" என்றார் மாஸ்டர். அவர் வீட்டிலும் வெளியிலும் அச்சுத் தமிழ்போலவே பேசுவார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திய பழக்கம்.

"அதில்ல சாரே, சீட்டைப் பாத்துட்டு ஒரு கையெழுத்து..."

மாஸ்டர் சீட்டை வாங்கினார், லாரியின் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், தன் பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது குமாஸ்தாக்களின் வேலை.

சாலைக்கு அந்தப் பக்கம் சுமைத் தொழிலாளர் சங்கத்தின் ஷெட். அதிலிருந்து நீலச்சட்டைக்காரர்கள் நாலு பேர் எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் லோனப்பன். அவன் மாஸ்டரிடம் ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். அதில் ஒரு வருஷத்தைப் பெரும்பாலும் பெஞ்சின் மேல் நின்றே படித்தான்.

"மாஷே, வேண்டாத வேலை. பெட்டியை இங்கயே ஒடச்சா, கட்டு கட்டா தலையில வச்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், இந்தப் பொட்டி..."

"தலையிலா?" மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "லோனப்பா, அத்தியாயம் மூன்று என்ன சொல்கிறது? தலைச்சுமை மனித நாகரிகத்தின் தலைகுனிவு. நோட்டீஸைப் பார்க்கவில்லையா நீ?"

நோட்டீஸை ஊரே பார்த்திருந்தது. மாஸ்டரே எழுதி, மாஸ்டரே பிழை திருத்தியது. 'விழாவின் சிறப்பு அம்சமாக, நூலாசிரியர் அறுபத்தெட்டு வயதில், ஒற்றை ஆளாக, ஆறு எளிய எந்திரங்களின் துணையுடன், நூல்கள் முழுவதையும் மாடியிலுள்ள விழா அரங்கிற்கு உயர்த்திக் காட்டுவார்.' சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். மாஸ்டர் பௌதிகத்தில் பார்டரில் பாஸ் போட்ட பழைய மாணவர்கள் எல்லாம் வருகிறார்கள். பின்வாங்க இடமில்லை.

"ஆக, கை வைக்கக் கூடாது. பேசவும் கூடாது" என்றார். "கவனம் சிதறும். வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள்."

"பாக்கலாமா மாஷே?" என்று கேட்டான் லோனப்பனுக்குப் பின்னால் நின்ற பீரான், நம்ப முடியாதவனைப்போல.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்தவன் சுமை இறக்குவதைச் சும்மா நின்று பார்ப்பதற்கு அந்த ஊரில் ஒரு காலத்தில் கூலி உண்டு. நோக்குகூலி என்று பெயர். பிறகு சர்க்கார் அதைத் தடை செய்தது. ஆனால் தடை கூலிக்குத்தான், நோக்குக்கு இல்லை. நாலு பேரும் ஷெட்டுக்குப் போய் தங்கள் பெஞ்சைத் தூக்கி வந்து, வாசகசாலை முற்றத்துப் பலா மரத்தடியில் போட்டார்கள். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. பீரான் பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து அந்தக் காலுக்கடியில் வைத்தான். பெஞ்சு அசையவில்லை. உட்கார்ந்தார்கள். சாயா வந்தது.

முதல் எந்திரம், சாய்தளம். லாரியின் பின்புறத்திலிருந்து தரைக்கு இரண்டு பலகைகளைச் சாய்த்தார் மாஸ்டர். பெட்டியைத் தள்ளினார். பெட்டி யோசித்தது.

"உராய்வு" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். கூட்டம் என்பது அப்போது பெஞ்சில் நாலு பேரும் லாட்டரிச் சீட்டு விற்கிறவரும்தான். வாசகசாலை விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து பலகை நெடுக ஊற்றினார்.

"மாஷே, எண்ணெய் கொஞ்சம்..." என்றான் லோனப்பன்.

"பேசாதே!"

அவர் மறுபடி தோளைக் கொடுத்தார். தோள் படுவதற்கு முன்பே பெட்டி புறப்பட்டுவிட்டது. பலகையில் வழுக்கி, முற்றத்தில் பாய்ந்து, வரவேற்புக்கு நிறுத்தியிருந்த ஃபிளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் முகத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், பாதி உடம்பு சாக்கடையில் விழ நின்றது. பேனரில் கழுத்துக்குக் கீழே பொன்னாடை மட்டும் மிச்சம்.

மாஸ்டரின் காதுகள் சிவந்தன. அவருக்கு வெட்கம் முதலில் காதில்தான் வரும். பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எந்தக் கணக்குக்கு விடை வராமல் தவிக்கிறார் என்பதைக் காதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மாடி ஜன்னல் திறந்தது. வாசகசாலைக்காரி ரமணி எட்டிப் பார்த்தாள். "மாஷே! என்ன சத்தம்? புத்தகம் எல்லாம்..."

"வரும் ரமணி! வந்துகொண்டே இருக்கிறது! பொறுமை!"

"அதில்ல மாஷே, புத்தகம்..."

"ஜன்னலைச் சாத்து! தூசி!"

ரமணி லோனப்பனைப் பார்த்தாள். லோனப்பன் வாயில் விரலை வைத்துக் காட்டினான். ஜன்னல் சாத்திக்கொண்டது.

இரண்டாவது எந்திரம், நெம்புகோல். இது மாஸ்டரின் இஷ்ட தெய்வம். கடப்பாரையைச் சாக்கடைக்குள் விட்டு, முட்டுக்கு ஒரு கருங்கல்லை வைத்து, முழு பலத்துடன் அழுத்தினார். கடப்பாரை வளைந்து கொடுத்தது. பெட்டி கொடுக்கவில்லை.

பெஞ்சிலிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது. லோனப்பன் பேசவில்லை, பேசக் கூடாதென்று உத்தரவு. காலியான சாயா கிளாஸை மட்டும் பெஞ்சின் மேல் மெதுவாகப் பெட்டி இருக்கும் பக்கமாக நகர்த்திக் காட்டினான்.

கல்லைப் பெட்டிக்கு அருகில் நகர்த்த வேண்டும். மாஸ்டருக்கு அது தெரியாதா? அத்தியாயம் இரண்டு, படம் நாலு. அவரே வரைந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவன் கிளாஸை நகர்த்திக் காட்டிய பிறகு கல்லை எப்படி நகர்த்துவது? கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கோலை நீளமாக்குவோம் என்று முடிவு செய்தார். பந்தலுக்கு நட்டிருந்த கமுக மரக் கழிகளில் ஒன்றைப் பிடுங்கினார். பந்தல் அந்த மூலையில் ஒரு முழம் இறங்கிக் கும்பிட்டது.

நீளக் கழி வேலை செய்தது. மாஸ்டர் அதன் நுனியைப் பிடித்துத் தொங்கினார். பெட்டி ஒரு சாண் உயர்ந்தது. மாஸ்டரும் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றார். அவரும் பெட்டியும் கன கச்சிதமான சமநிலை. புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'என்ன அழகு!' என்று எழுதியிருக்கிறார். இப்போது அந்த அழகின் ஒரு முனையில் இடுப்பு முண்டு அவிழத் தொடங்கியிருந்தது. பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்ற கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "அய்யோ, நம்ம கைமள் சார்!" என்றாள்.

"ஷாஜு!" என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "கொஞ்சம்... தள்ளு."

"ஒத்தை ஆளா பண்ணணும்னு நோட்டீஸ்ல..."

"தள்ளுடா!"

ஷாஜு தோளால் ஒரு முட்டு முட்டினான். பெட்டி சாக்கடையை விட்டு மேலேறியது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கில் முண்டை இறுக்கிக் கட்டினார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் மரியாதையாகப் பலா மரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது எந்திரம், சக்கரம். இது மட்டும் ஒழுங்காக நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். நாலு உருட்டுக் கழிகளின் மேல் பெட்டி பூனைபோல நடந்து மாடிப்படி அருகே வந்துசேர்ந்தது. மாஸ்டருக்கு உயிர் வந்தது. மணி இரண்டு. சோறு சாப்பிடப் போகவில்லை. ஷாஜு வாங்கிக் கொடுத்த பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, சேர்ந்துவிட்ட இருபது பேருக்கு விளக்கவுரை ஆற்றினார்.

"எளிய எந்திரங்கள் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. பார்க்கக் கண் வேண்டும். இதோ..." அவர் பார்வை பெஞ்சின் குட்டைக் காலுக்குப் போனது. குனிந்தார். பொட்டலத்தை விரலால் தட்டினார். பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "அபாரம்! நூல் கனம்கூடப் பிசகவில்லை. இதுதான் முட்டு. யார் கண்டுபிடித்தது?"

நீலச்சட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்கதான் மாஷே" என்றான் லோனப்பன்.

"எத்தனை காலமாக?"

"அது... மூணு வருஷம் இருக்கும்."

"மூன்று வருஷம்! மழைக்கும் தாங்கியிருக்கிறது. எல்லோரும் பாருங்கள், கை தட்டுங்கள். படிக்காதவனுக்குள்ளும் ஒரு விஞ்ஞானி உறங்குகிறான்."

இருபது பேர் கை தட்டினார்கள். பீரானுக்குப் புரையேறியது. லோனப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தன் முன்னால் கூச்சப்படுகிறான் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய காதுகள் வழக்கமான நிறத்தில் இருந்தன.

நாலாவது எந்திரம், கப்பி. வாசகசாலைக் கிணற்றிலிருந்து கப்பியையும் கயிற்றையும் கழற்றி, மாடி வராந்தாவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தில் மாட்டச் செய்தார். ஒரே கப்பி. ஒரே கப்பியால் சுமையின் கனம் குறையாது, இழுக்கும் திசைதான் மாறும், அத்தியாயம் ஐந்து. மாஸ்டர் இழுத்தார். திசை மாறியது. வேறொன்றும் நடக்கவில்லை.

மணி மூன்றேகால்.

"ஷாஜு, லாரிக்கு எத்தனை சக்கரம்?"

"ஆறு சாரே."

"சக்கரம் எளிய எந்திரமா, இல்லையா?"

"நீங்க சொன்னா எந்திரந்தான்."

"அப்படியானால் லாரி என்பது ஆறு எளிய எந்திரங்கள். நோட்டீஸில் ஆறு என்றுதான் போட்டிருக்கிறேன். கயிற்றை லாரியில் கட்டு."

லாரி சாலையில் மெல்ல முன்னேறியது. பெட்டி எழும்பியது. கூட்டம் 'ஓ' என்றது. முதல் மாடி உயரத்துக்குப் பெட்டி வந்ததும் மாஸ்டர் கையை உயர்த்த, லாரி நின்றது. பெட்டி வராந்தாவிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி, அந்தரத்தில் தொங்கியது.

பெட்டியை மேலே ஏற்றுவதற்குப் புத்தகத்தில் முப்பது பக்கம் இருந்தது. ஏற்றியதை உள்ளே எடுப்பதற்கு ஒரு வரி இல்லை.

ரமணி வராந்தாவிலிருந்து துடைப்பத்தை நீட்டிப் பெட்டியை இழுக்கப் பார்த்தாள். எட்டவில்லை. துடைப்பம் பட்டதில் பெட்டி மெதுவாகச் சுழலத் தொடங்கியது. கயிறு முறுக்கேறியது. ஐந்தாவது எந்திரமான திருகு, யாரும் அழைக்காமல் தானே வந்து சேர்ந்தது.

"இறக்கு! லாரியைப் பின்னால் எடு!" என்றார் மாஸ்டர்.

"எங்க எடுக்கறது சாரே? திரும்பிப் பாருங்க."

லாரிக்குப் பின்னால் திருச்சூர் பஸ் நின்றது. அதற்குப் பின்னால் ஏழெட்டு ஆட்டோ. அதற்கும் பின்னால், கொடி கட்டிய ஒரு வெள்ளைக் கார். முன்னால் போனால் பெட்டி உத்தரத்தில் முட்டும். பின்னால் போனால் பஸ் முட்டும். எல்லா வண்டிகளும் சேர்ந்து ஹார்ன் அடித்தன. பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலை நீண்டது.

"யாரு அந்த ஆளு?"

"கைமள் மாஷ். வேலையைச் சுலபமாக்கறது எப்படின்னு புத்தகம் போட்டிருக்காரு."

"எம்.எல்.ஏ. இறங்கி நடந்து வர்றாரு பாரு!"

மாஸ்டர் பெட்டிக்குக் கீழே நின்றார். காதுகள் செம்பருத்தியாகியிருந்தன. பெட்டி அறுந்து தன் மேலேயே விழுந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. முப்பத்திரண்டு வருஷமாக ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் விடை தெரியவில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றியவர். இன்று ஊர் முழுக்கச் சுற்றி நின்று அவரைப் பார்த்தது. ஏறி நிற்க ஒரு பெஞ்சுதான் பாக்கி.

"லோனப்பா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அதற்காகவே காத்திருந்ததுபோல் நாலு பேரும் எழுந்தார்கள். மூன்று பேர் கயிற்றைப் பிடித்தார்கள். ஷாஜு லாரியை ஒரு சாண் பின்னால் விட்டான். தளர்ந்த கயிறு பலா மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. லாரியிலிருந்து முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு குவிண்டால் பெட்டி இப்போது மரத்தின் பிடியில் இருந்தது. லோனப்பன் ஒற்றைக் கையால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். மற்றொரு கையில் சாயா கிளாஸ். பெட்டி முட்டையை வைத்ததுபோல் தரையில் உட்கார்ந்தது. லாரி ஒதுங்கியது. பஸ் போயிற்று. மொத்தம் மூன்று நிமிஷம்.

"இது... எந்த அத்தியாயத்தில்..." என்றார் மாஸ்டர்.

"தெரியாது மாஷே. நாங்க ஒன்பதாங் கிளாஸ்."

ரமணி படியிறங்கி ஓடி வந்தாள். "மாஷே, மணி நாலாகப் போகுது. மேல எல்லாம் ரெடி. இந்தப் பொட்டியை எதுக்கு மேல கொண்டு வரணும்னு நிக்கறீங்க?"

"எதற்கா? புத்தகம் இல்லாமல் வெளியீடா?"

"புத்தகம் காலையில ஏழு மணிக்கே வந்துருச்சே! பிரஸ்காரங்க டெம்போல கொண்டு வந்தாங்க. லோனப்பன் சேட்டனும் ஆளுகளும்தான் தலையில வச்சு மேல கொண்டு போய் அடுக்கினாங்க. நான் ஜன்னல்லேருந்து கத்தினேனே!"

மாஸ்டர் லோனப்பனைப் பார்த்தார்.

"பேசக் கூடாதுன்னீங்க மாஷே."

"அப்படியானால் இது?"

லோனப்பன் ஒரு மர ஆப்பைப் பலகை இடுக்கில் வைத்து ஒரே தட்டுத் தட்டினான். ஆறாவது எந்திரமும் ஆயிற்று. மூடி திறந்தது. உள்ளே மஞ்சள் ஏறிய, கரையான் முகர்ந்து பார்த்து விட்டுவிட்ட புத்தகங்கள். முதல் பாகம்.

"இதைத்தான் காலையிலேருந்து சொல்ல வந்தேன்" என்றான் ஷாஜு. "திருச்சூர் புத்தகக் கடைக்காரர் கோடௌனைக் காலி பண்றாரு. திருப்பி அனுப்பிட்டாரு. சீட்டு உங்க பையிலதான் இருக்கு சாரே."

மாஸ்டர் பையிலிருந்து சீட்டை எடுத்து நாலு மடிப்பையும் பிரித்தார். அனுப்பியது: ஐந்நூறு. திரும்பியது: நானூற்றுத் தொண்ணூற்றேழு.

எம்.எல்.ஏ. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பௌதிகம் நடத்தியவருக்குக் கழித்தல் கணக்கு வராமல் போகுமா? மெல்ல நிமிர்ந்தார்.

"மூன்று" என்றார். "மூன்று பிரதி விற்றிருக்கிறது. பரவாயில்லை. ஒரு நூலுக்கு மூன்று உண்மையான வாசகர் போதும். அந்த மூன்று பேர் யாராக இருந்தாலும் சரி, இரண்டாம் பாகத்தை இந்த மேடையில் என் கையாலேயே கொடுக்கப் போகிறேன். இலவசமாக!"

லோனப்பன் பிடரியைச் சொறிந்தான். பீரானைப் பார்த்தான். பீரான் வானத்தைப் பார்த்தான்.

"மூணும் வாங்கினது எங்க சங்கம்தான் மாஷே."

மாஸ்டரின் கண்கள் நிறைந்துவிட்டன. "லோனப்பா! நீயா? வா, மேடைக்கு வா!"

"இல்ல மாஷே. ரெண்டாம் பாகம் வேண்டாம்."

"ஏன்?"

லோனப்பன் பலா மரத்தடியைப் பார்த்தான். குட்டைக் காலுக்கடியில், பிளாஸ்டிக் உறைக்குள், மாஸ்டர் கை தட்டச் சொன்ன அந்தப் பொட்டலம் பத்திரமாக இருந்தது.

"பெஞ்சு இப்ப ஆடறதில்ல மாஷே."